அக்காவின் நன்றிக்குக் குறுக்கே நின்றேன்

என் அக்காவுக்கென்று ஒரு டம்ளரையும் தட்டையும் தனியாக எடுத்து வைத்தவன் நான். கன்னத்தில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை முடிந்து, புதுச்சேரி ஜிப்மரில் அவளுக்குக் கரண்ட் வைக்க ஆரம்பித்த வாரத்தில் அதைச் செய்தேன். உறவினர்கள் கேட்டபோது என் மனைவி செய்ததாகச் சொன்னேன். அவள் செய்யவில்லை. அக்கா போன பிறகும் அந்தப் பொய்யை நான் திருத்தவில்லை. இப்போது திருத்துகிறேன்.

கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் விருத்தாசலத்தில் கரண்ட் வைக்கிறது என்றுதான் சொல்வோம். அந்தக் கரண்ட் அக்காவின் உடம்பில் தங்கிவிடும், அவள் எச்சில் பட்டால் குழந்தைகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான் நம்பினேன். படிக்காதவன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. ஊரிலேயே இருக்கும் அரசு செராமிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் டிப்ளமோ படித்தவன். சூளைக்குள் எத்தனை டிகிரியில் மண் பீங்கானாகிறது என்று எனக்குத் தெரியும். வெளியிலிருந்து இயந்திரம் செலுத்தும் கதிர், இயந்திரத்தை நிறுத்தியதும் நின்றுவிடும், உடம்பில் துளியும் மிஞ்சாது என்பதை மட்டும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கும்போதும், உடலுக்குள்ளேயே கதிர்ப்பொருளை வைத்துச் செய்யும் சில சிகிச்சைகளிலும்தான் கொஞ்ச நாள் எச்சரிக்கை தேவைப்படும். அக்காவுக்கு நடந்தது அதுவல்ல. இதைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும். நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தத் தட்டை எடுத்து உள்ளே வைக்க வேண்டியிருக்கும்.

அந்த டிப்ளமோ அக்கா படிக்க வைத்தது. அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவள் செராமிக் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனாள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டில் மண்கூழை ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மோல்டு தண்ணீரை உறிஞ்சி ஓரம் கெட்டியானதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, பொம்மையை உடையாமல் எடுக்க வேண்டும். பிசிறு சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குவது அக்கா வேலை. பிள்ளையார் தும்பிக்கையின் மடிப்பில் விரல் நுனியைச் சுழற்றி அவள் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கல்யாணம் பண்ணி, புருஷனை இழந்து, திரும்பி வந்தும் அதே பலகை முன்னால்தான் உட்கார்ந்தாள். பசி தெரியாமலிருக்க வெற்றிலையோடு புகையிலை அடக்கிக்கொள்வாள். பிறகு நான் சின்னதாகச் சொந்தப் பட்டறை போட்டபோது என்னிடமே வந்து வேலை செய்தாள். அந்தப் புகையிலைதான் அவள் கன்னத்தைத் தின்றது. அதை அவள் வாயில் அடக்கியிருந்த வருஷங்களில் என் கல்லூரிக் கட்டணமும் அடக்கம்.

தட்டைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. அது நாற்றத்தைப் பற்றியது. வாய்ப் புண் வந்தவர்களோடு இருந்தவர்களுக்குப் புரியும். கரண்ட் வைக்கத் தொடங்கிச் சில வாரங்களில் வாய் முழுக்க வெந்துபோகும், எச்சில் பிசினாகும், நாக்கில் ருசி செத்துப்போகும். கழுத்துத் தோல் கறுத்து உரியும். உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் அடிக்கடி கொப்பளித்தாலும் வாடை முழுசாகப் போகாது. அக்கா பேச வாய் திறக்கும்போது நான் முகத்தைத் திருப்புவேன். செல்போனைப் பார்ப்பதுபோலத் திருப்புவேன். அவளுக்குத் தெரியாமலிருக்குமா? கொஞ்ச நாளில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பேசப் பழகிக்கொண்டாள். என் மகள் அவள் மடியில் ஏறப்போனபோது, "அத்தைகிட்ட போகாதே" என்று அதட்டினேன். அக்கா தானாகவே எழுந்து திண்ணைக்குப் போனாள்.

இதே ஊரிலிருந்து நான் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வடலூர் போகிறவன். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் எரியும் தருமசாலையில், பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் இலை போட்டிருக்கிறேன், தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அக்கா ஏறிய பேருந்து விடிகாலையில் நெய்வேலியைத் தாண்டி அதே வடலூர் வழியாகத்தான் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் போனது. வாரத்துக்கு ஐந்து நாள் போய்வந்தாள். முதல் நாள் மட்டும் நான் கூடப் போனேன். அதற்கப்புறம் பட்டறையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்பினேன். அவள் கூலியைப் பிடிக்காமல் கொடுத்ததைப் பெரிய தர்மமாக நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் அக்கா நன்றி சொல்லத் தொடங்கினாள்.

கதிர்வீச்சு கொடுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களில் ஒரு இளம்பெண்ணைப் பற்றித்தான் பேச்சு. அந்த அறையில் நோயாளி தனியாகத்தான் இருக்க வேண்டும். சுவர் கனமான கான்கிரீட். கதவைச் சாத்தியதும் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். தலை அசையாமலிருக்க முகத்துக்கு ஒரு வலைமூடி போட்டு மேசையோடு பூட்டுவார்கள். பிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீரில் போட்டு இளக்கி, நோயாளியின் முகத்தின் மேலேயே இழுத்து வைத்து, இறுகியதும் எடுத்துச் செய்யும் மூடி அது. ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்குப் பொருந்தாது. பலர் அதற்குள் மூச்சு முட்டுவதாகப் பயப்படுவார்கள். அக்கா பயப்படவில்லை. "நம்ம மோல்டு மாதிரிதான்டா தம்பி. இவ்வளவு நாள் நான் பொம்மைக்குப் போட்டேன், இப்ப எனக்குப் போடறாங்க" என்றாள். ஆனால் கதவு சாத்தும் சத்தத்துக்குப் பயந்தாள். அதைக் கவனித்த அந்தப் பெண், "அம்மா, நாங்க வெளியே டிவியில உங்களைப் பார்த்துக்கிட்டேதான் இருப்போம். ஏதாச்சும்னா கையை மட்டும் தூக்குங்க, ஓடி வந்துடுவோம்" என்று தினமும் சொல்வாளாம். தினமும். "கிட்ட குனிஞ்சு, என் மூஞ்சிக்கு நேரா சொல்லுதுடா அந்தப் பொண்ணு" என்றாள் அக்கா.

அந்த ஒரு வாக்கியம் என்னைச் சுட்டது. முகத்துக்கு நேராக யார் அவளோடு பேசினார்கள் என்று அவள் சொன்னபோது, யார் பேசவில்லை என்பதும் அதற்குள் இருந்தது. அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தெரிந்தவள் இல்லை அவள். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. "அவங்க சம்பளத்துக்குச் செய்யறாங்கக்கா. கவர்மெண்ட் சம்பளம். நீ என்னமோ சாமி மாதிரி பேசற" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். துணைக்குப் போகும் பெண்ணிடமும் என் மனைவியிடமும் பேசினாள். நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவளுக்கு அந்த நாட்களில் கிடைத்த ஒரே சந்தோஷம் அது. அதை என் காது கேட்காத இடத்தில் அவள் ஒளித்து வைக்கும்படி செய்தேன். நான் செய்ததிலேயே கொடுமையானது இதுதான் என்று நினைக்கிறேன்.

கார்த்திகை நெருங்கியது. எங்கள் ஊர் அகல் விளக்கும் பொம்மையும் லாரி ஏறும் காலம். லோடு அனுப்பக் கெடு வைத்திருந்தார்கள், பிசிறு நீக்க ஆள் போதவில்லை. துணைக்குப் போகும் பெண்ணின் கை எனக்குப் பட்டறையில் தேவைப்பட்டது. "ரெண்டு நாள்தானே, திங்கட்கிழமை போய்க்கலாம்" என்று அந்த வியாழனும் வெள்ளியும் இருவரையும் நிறுத்தினேன். சனி, ஞாயிறு அங்கே எப்படியும் சிகிச்சை கிடையாது. அக்கா மறுத்துப் பேசவில்லை. வலியோடு வந்து அவளும் விளக்குத் துடைக்க உட்கார்ந்தாள். நான் அதையும் தடுக்கவில்லை.

வெள்ளி மதியம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. அந்தப் பெண்தான். "அம்மா ரெண்டு நாளா வரலையே, உடம்பு முடியலையா சார்?" வேலை இருந்தது என்றேன். அவள் சத்தம் போடவில்லை. இடைவெளி விட்டால் மிஞ்சியிருக்கும் புற்றணுக்கள் மறுபடி பெருக ஆரம்பித்துவிடும், அதுவரை வைத்ததன் பலன் குறையும் என்று பொறுமையாக விளக்கினாள். "அம்மாவைத் திட்டாதீங்க சார். திங்கட்கிழமை சீக்கிரம் கூட்டிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்." என்னைத் திட்ட வேண்டிய இடத்தில் அக்காவை யாரும் திட்டிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டாள். நான் "சரி" என்று போனை வைத்தேன். நன்றி சொல்லவில்லை.

அவள் சொன்னது உண்மைதான். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் சிகிச்சை நீண்டுகொண்டே போனால், அந்த இடத்திலேயே நோய் அடங்குவதற்கான வாய்ப்பு நாளுக்கு நாள் குறைகிறது என்பது மருத்துவத்தில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு ஏழு வாரம் என்று கணக்குப் போட்டு வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல திசுக்கள் அன்றன்றைக்குத் தேறிக்கொள்ள வேண்டும், புற்றணுக்கள் தேறிக்கொள்ள நேரம் கிடைக்கக் கூடாது. அந்தக் கணக்கில் நான் என் விளக்கு லோடுக்கு இடம் பிடித்தேன்.

திங்கட்கிழமை நானே கூட்டிப்போனேன். கதவு சாத்துவதற்கு முன் வாசலிலிருந்து பார்த்தேன். மூடி போடும் முன், அக்காவின் கடைவாயில் ஒழுகிய எச்சிலை அந்தப் பெண் பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்தாள். முகம் சுளிக்கவில்லை, மூச்சை அடக்கிக்கொள்ளவும் இல்லை. காதருகே ஏதோ சொன்னாள். கிளிப்பைப் பூட்டி முடிக்கும்வரை இன்னொரு பணியாளர் அக்காவின் கையைப் பிடித்திருந்தார். வெளியே பெஞ்சில் எத்தனையோ பேர் முறைக்காகக் காத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இதையே செய்தார்கள். சம்பளம் அந்த வேலைக்குக் கிடைக்கலாம். அந்தக் குனிதலுக்கு யாரும் சம்பளம் போடுவதில்லை.

பார்த்த பிறகாவது நான் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. சிகிச்சை முடியும் நாளில் கொடுப்பதற்காக அக்கா சின்னப் பிள்ளையார் பொம்மைகளைத் தன் கையாலேயே துடைத்து, வண்ணம் தீட்டி, சுட்டு வாங்கி வைத்திருந்தாள். அவற்றைப் பையில் வைக்கச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில பொருள் கொடுத்தா தப்பா நினைப்பாங்க" என்றேன். அவள் கேட்கவில்லை. வேண்டுமென்றே வைக்காமல் கிளம்பி, கடலூர் தாண்டியதும் மறந்துவிட்டதாகச் சொன்னேன். என் அக்கா கையேந்திப்போய் நன்றி சொல்வதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. என் கடமையை வேறு யாரோ செய்தார்கள் என்பதற்கு அந்தப் பொம்மைகள் சாட்சியாகிவிடும் என்று பயந்தேன். அன்றைக்கு அவள் வெறுங்கையோடு நின்று, முந்தானையை வாயிலிருந்து எடுத்து, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள். அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் நோய் திரும்பியது. அக்கா போய்விட்டாள். நான் நிறுத்திய அந்த இரண்டு நாள்தான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அப்படி ஒன்றைமட்டும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அதில் எனக்கு ஆறுதல் இல்லை.

முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். அவர் அந்தத் துக்கத்தை முப்பது வருஷத்துக்கு மேல் விடாமல் சுமந்து, பணம் திரட்டி, 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். மறு வருஷம் அங்கே சேர்ந்த மருத்துவர் சாந்தா, 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். காசில்லாதவர் என்று யாரையும் திருப்பி அனுப்பாத இடமாக அதை வளர்த்தார்கள். அவர்களோடு என்னை ஒப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் உடன்பிறந்தவளின் நோயைப் பார்த்து ஒருவர் செய்தது அது, இன்னொருவன் செய்தது இது. இரண்டும் நான் அறிந்த உண்மை. கருணை என்பது பெரியவர்களின் பிறவிக் குணம் என்று சொல்லி நான் ஒதுங்க முடியாது. பெயர் வெளியே தெரியாத அந்தப் பெண் அதைத் தன் வேலைநேரத்தில், வரிசை நீண்டிருந்தபோதும், செய்தாள்.

வெகுகாலம் கழித்துப் பொம்மைகளை எடுத்துக்கொண்டு புதுச்சேரி போனேன். அந்தப் பெண் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தாள். அங்கிருந்த பணியாளர் ஒருவர் பொம்மைகளை வாங்கிக்கொள்ளவில்லை. "வந்து சொன்னீங்களே, அது போதும்" என்றார். அக்காவின் பெயரைச் சொல்லி, அவளுக்குப் பதிலாக நன்றி சொன்னேன். அவள் வாயால் சொல்லியிருக்க வேண்டியது அது.

உங்கள் வீட்டில் யாருக்காவது கரண்ட் வைக்கிறார்கள் என்றால், தயவுசெய்து கூடப் போங்கள். ஆள் அனுப்பாதீர்கள், நாள் தள்ளாதீர்கள். குழந்தைகளை அவர்கள் மடியில் உட்கார விடுங்கள். வீடு திரும்பி, அங்கே தன்னைத் தொட்டவர்களையும் தட்டிக்கொடுத்தவர்களையும் பற்றி அவர்கள் பேசத் தொடங்கினால், குறுக்கே பேசாமல் கடைசிவரை கேளுங்கள்.