ஞமலியின் நோய்

பழந்தமிழர் நாயை ஞமலி என்றும் வழங்கினர். அச்சொல்லின்மீதுள்ள பற்றினால் எங்கள் இல்லத்து நாய்க்கு அதனையே பெயராக இட்டேன். தெருவார் அதனைக் ‘கமலி’ ஆக்கிவிட்டனர். ஆண் நாயாகிய அதுவோ இரண்டு பெயருக்கும் வாலாட்டிற்று.

எங்கள் ஊர் பொற்றையடி; மருந்துவாழ் மலையின் அடிவாரம். அனுமன் சஞ்சீவி மலையைச் சுமந்து சென்றபொழுது வீழ்ந்த துண்டே இம்மலை என்பது நாஞ்சில் நாட்டு வழக்கு. ஆதலின் மூலிகைமீது நம்பிக்கை எங்களுக்குப் பிறவியிலேயே வாய்த்தது. அந்நம்பிக்கையே ஞமலியை என் கையினின்றும் பறிக்கப் பார்த்தது.

நான்காண்டுகளுக்கு முன், ஐப்பசித் திங்கள். கும்பப்பூப் பயிர் நின்ற வயல்களில் ஞமலி நாளெல்லாம் எலி துரத்தித் திரியும். தேங்கிய நீரையே குடிக்கும். ஒருநாள் அஃது உண்ணாமல் திண்ணை மூலையில் சுருண்டு கிடந்தது. மறுநாள் கண்ணின் வெண்மையும் ஈறும் மஞ்சள் பூத்திருந்தன. சிறுநீர் மஞ்சள் கரைத்த நீர்போல் இருந்தது. காமாலை என்று கண்டுகொண்டேன். கண்டதோடு நில்லாமல் மருத்துவமும் நானே தொடங்கினேன். வேலியோரம் கீழாநெல்லி நிறைய உண்டு. இலைகளின்கீழே நெல்லிபோன்ற சிறு காய்கள் வரிசையாகக் காய்ப்பதால் வந்த பெயர் அது. அதனை அரைத்து மோரில் கலந்து புகட்டினேன். ஈரல் நோய்க்கு ஈரலே உணவு என்றெண்ணி, ஆட்டீரலையும் வேகவைத்து வற்புறுத்தி ஊட்டினேன். இவ்வாறு இரண்டு நாள் கழிந்தன. மூன்றாம் நாள் அதனால் எழ இயலவில்லை.

கால்நடை மருத்துவர் என்னிடம் தமிழ் பயின்றவர். ஞமலியைப் பார்த்தார், சோதனைக்குக் குருதி எடுத்தார். “ஐயா, இஃது எலிக்காய்ச்சல் என்றே தோன்றுகிறது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் வருவது, மனிதர்க்கும் தொற்றும். கையுறையின்றித் தொடாதீர்கள். கிருமியைக் கொல்ல ஊசிமருந்து வேண்டும், இரண்டு நாள் முன்னரே வந்திருக்கலாம்” என்றார். மிக மெல்லவே கூறினார்; ஆதலால்தான் மிகவும் சுட்டது.

ஊசிமருந்தினால் காய்ச்சல் தணிந்தது. சோதனையும் அவர் சொன்னதையே உறுதி செய்தது. ஆயினும் ஈரல் பழுதுபட்டிருந்தது. அதனைத் தேற்றும் பொறுப்பு எங்கள் அடுக்களைக்கு வந்தது. என் மனையாள் அரிசியைக் குழைய வேகவைத்து, பூசணித் துண்டும் முட்டையின் வெண்கருவும் சேர்த்துப் பிசைவாள். சிறிது வெண்ணெய் நீக்கிய தயிர் விடுவாள். உப்பு ஒரு கல்லும் இல்லை. நலிந்த ஈரல் உடையவற்றின் வயிற்றில் நீர் கோக்க உப்புத் துணைசெய்யும். நாளைக்கு ஐந்து முறை சிறிது சிறிதாகவே வைத்தோம். ஒருசேர வரும் உணவின் சுமையை அவ்வீரல் தாங்காது. புரதம் செரிக்கையில் எழும் நஞ்சை மாற்றுவதும் ஈரலின் வேலையே. அது தவறினால் நஞ்சு மூளைக்கு ஏறி நாய் தள்ளாடும். அதற்காகப் புரதத்தை அறவே நிறுத்தினாலோ, உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கும். இறைச்சியைவிடத் தயிரும் வெண்கருவும் அந்நிலையில் எளியன என்று மருத்துவர் விளக்கினார். நான் ஊட்டிய ஆட்டீரலைப் பற்றியும் கேட்டேன். அதில் செம்புச் சத்து மிகுதியாம். பழுதுபட்ட ஈரலில் அது தங்கி மேலும் கெடுக்குமாம்! உப்புக் கருவாடும் கொழுப்பும் விலக்கப்பட்டன. எங்கள் நாட்டு உள்ளித் தீயலும் விலக்கப்பட்டது. உள்ளியும் பூண்டும் நாயின் செங்குருதி அணுக்களைச் சிதைப்பன. அதுநாள்வரை தீயல் குழைத்த சோற்றைத்தான் அதற்கு அன்போடு இட்டுவந்தோம்.

என் கீழாநெல்லி என்னாயிற்று? அதனை நான் எளிதில் விட்டேனல்லேன். சென்னைப் பல்கலைக்கழகத்து அறிஞர் தியாகராசனும், 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க் முதலியோரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வை மருத்துவரே எடுத்துக் கூறினார். மஞ்சட்காமாலைக் கிருமியை உடலில் நெடுநாள் தாங்கிய மாந்தருள், இம்மூலிகை உண்ட 37 பேரில் 22 பேரிடம் அக்கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. கேட்டு என் உள்ளம் பூரித்தது. “ஆனால் ஐயா, பின்னர்ப் பிற இடங்களில் செய்த சோதனைகளில் அப்பயன் காணப்படவில்லை. அன்றியும் அந்தக் கிருமி வேறு, ஞமலிக்கு வந்தது வேறு” என்று தொடர்ந்தார். மூன்று வாரம் சென்றபின், அவர் குறித்த சிற்றளவில் கொடுக்க இசைந்தார். நலம் அதனால் வந்தது என்று சொல்ல நான் துணியேன்.

மூன்றாம் திங்களில் குருதிச் சோதனை நன்றாக இருந்தது. இப்பொழுது ஆண்டுதோறும் தடுப்பூசி இடுகிறோம். வீட்டில் தீயல் கொதிக்கும் நாளில் ஞமலி அடுக்களை வாயிலில் வந்து அமரும். என் மனையாள் கதவைச் சாத்திவிட்டுப் பூசணிச் சோற்றை முற்றத்தில் வைப்பாள். அது கிண்ணத்தையும் கதவையும் மாறிமாறிப் பார்க்கும். பின்பு என்னை நோக்கும்.