மகுடி ஊதிய ரெனிஸ் வீரர்

ஜேம்ஸ் பொண்ட் படவரிசையில் 13ஆவதாக 1983இல் வெளிவந்தது ‘ஒக்டோபுசி’. வரிசையிற் சிறந்தது இதுவென எவரும் வாதிடார், அடியோடு தள்ளத்தக்கதுமன்று. நகைமுட்டை ஒன்றிலே தொடங்கும் கதை, எங்கெங்கோ அலைந்து, மேற்கு ஜெர்மனியிலே அணுகுண்டு வைக்கும் சதியில் முடிகிறது. றோஜர் மூர் சர்க்கஸ் கோமாளியின் வேடத்தோடு அக்குண்டைத் தேடி ஓடும் கட்டத்தில் மட்டும் நாம் மூச்சடக்கி இருந்தோம்.

ஆயினும், யட்டவத்தையில் எமது இல்லத்துப் பிள்ளைகளை ஆட்கொண்டவர் வேறொருவர். உதயப்பூர் ஏரிக்கரையிலே பாம்பாட்டி வேடத்தில் அமர்ந்து, மகுடியிலே பொண்டின் இசையை வாசித்துத் தம்மை இன்னாரென உணர்த்தும் இளைஞர், சென்னையிற் பிறந்த விஜய் அமிர்தராஜ். விம்பிள்டனில் 1973இலும் 1981இலும் காலிறுதி வரை சென்ற ரெனிஸ் வீரர். முச்சக்கரவண்டித் துரத்தலில் அவர் பகைவரை ரெனிஸ் மட்டையால் விளாச, தெருக்கூட்டத்தின் தலைகள் பந்தாட்டம் பார்ப்பனபோல் இருபுறமும் திரும்புகின்றன. வீடே சிரித்தது. பின்னர், கயிற்றிற் சுழலும் வாட்சக்கரத்துக்கு அவர் இரையானபோது சின்னவன் எழுந்தே போய்விட்டான்.

அத்தெருவைப் பற்றியும் ஒரு சொல். நெருப்பு உமிழ்பவன், வாள் விழுங்குபவன், ஆணிப்படுக்கையிற் கிடப்பவன் யாவரும் ஒரே வீதியில்! அயலார் கண்ட பாரதம் அதுதான் போலும். அதைக்கூடப் பொறுக்கலாம். சூதில் வென்ற பணத்தை இந்திய உதவியாளரிடம் எறிந்து, சில வாரங்களுக்குக் கறிச் செலவுக்கு ஆகுமென்று பொண்ட் நையாண்டி செய்வதைப் பொறுக்க முடியவில்லை.

“அப்பா, அவர்களுக்குக் கோபம் வராதா?” என்றாள் மூத்தவள்.

படத்திலே வரவில்லைத்தான். எனவே படத்துக்கு வெளியே நடந்ததைச் சொன்னோம். 1974இல் டேவிஸ் கிண்ணப் போட்டியிலே இந்தியா சோவியத் அணியை வென்று இறுதியாட்டத்துக்குச் சென்றது. அவ்வணியில் விஜயும் அவர் தமையனார் ஆனந்தும் இருந்தனர். எதிரே நின்றது தென்னாபிரிக்கா. வெள்ளையர், கறுப்பர் என மனிதரைப் பிரித்தாளும் நாட்டோடு ஆடமாட்டோமென்று இந்தியா மறுத்துவிட்டது. வென்றிருந்தால் இந்தியாவுக்கு அதுவே முதற் கிண்ணம். விஜய்க்கு அப்போது இருபதுதான் வயது. 1987இலே மீண்டும் இறுதியாட்டம் வரை சென்றும் கிண்ணம் கைகூடவில்லை.

“அப்படியானால் 1974இல் கிண்ணம் யாருக்குப் போயிற்று?”

“தென்னாபிரிக்காவுக்கு.”

“ஒரு பந்துகூட அடிக்காமலா?”

“ஒரு பந்துகூட அடிக்காமல்.”