இலைகளின் கதவடைப்பு

சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாயைக் கடந்து, சித்திரை வெயிலில் தர்மபுரி ஜில்லாவுக்குள் பிரவேசிப்போர் ஒன்றைக் கண்டு வியப்பர். 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்த இந்த ஜில்லா வானம் பார்த்த பூமி. வீசுகிற காற்றோ அனல். அப்படியிருந்தும் காரிமங்கலம், பாலக்கோடு பக்கத்து மாந்தோப்புகள் பச்சைப் பசேலென்று காய்த்து நிற்கின்றன!

இதன் இரகசியத்தை அறிய மாவிலையின் அடிப்புறத்தை ஆராய வேண்டும். வெறுங் கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற துவாரங்கள் அங்கே உண்டு. ஒவ்வொரு துவாரத்துக்கும் இரண்டு உயிரணுக்கள் வாயிற்காப்போர். அவற்றினுள் பொட்டாசியம் சேர, அதைத் தொடர்ந்து நீரும் புகுந்து அவை புடைத்தால் வாயில் திறக்கும்; நீர் வெளியேறித் தளர்ந்தால் மூடிக்கொள்ளும்.

வாயில் திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும். அதைக் கொண்டுதான் இலை உணவு சமைக்க இயலும். ஆனால் அதே வழியாக நீராவி வெளியே ஓடிவிடுகிறது. வேர் உறிஞ்சும் நீரில் 100-க்கு 95 பங்குக்கு மேல் இவ்வாறே போய்விடும். திறந்தால் தாகம், மூடினால் பசி! இந்தத் தர்மசங்கடத்துக்கு மரம் என்ன செய்யும்?

மண் காய்ந்ததும் செடியினுள் அப்சிசிக் அமிலம் பெருகுகிறது. அதன் கட்டளைப்படி காவலர் கதவை அடைக்கின்றனர். உச்சி வேளையில் மாமரம் பசியைப் பொறுத்து நீரைக் காப்பது இப்படித்தான்.

வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் சாமர்த்தியம் வேறு. இலை போல் தோன்றும் அதன் பச்சைத் தண்டு பகலில் கதவடைத்து, குளிர்ந்த இரவில் திறக்கிறது. அப்போது வரும் வாயுவை அமிலமாகச் சேமித்து, மறுநாள் சூரிய ஒளியில் சமைத்துக்கொள்கிறது.

பென்னாகரத்துக்கு அப்பால் காட்டு மரங்கள் பலவும் இலைகளையே உதிர்த்துவிடுகின்றன. கடை வைத்தால்தானே நஷ்டம்!

ஒகேனக்கல்லில் காவிரியில் வேர் நனைத்து நிற்கும் நீர்மருதுக்கு இத்தனை கவலையில்லை. கன்னட மொழியில் அவ்வூர்ப் பெயருக்குப் 'புகையும் கல்' என்று பொருள். அருவியின் அந்தப் புகையைக் காணத் திரள் திரளாக ஜனங்கள் வருகிறார்கள். தோப்புகளிலிருந்து ஓசையின்றி எழும் ஆவியைக் காண்பவர் யார்?

கதவடைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அது பல நாள் நீடித்தால் பிஞ்சுகள் உதிரும். குடியானவர் வீட்டில் அடுப்பெரிவதும் அரிதாகும். இலை தன்னால் இயன்ற சிக்கனத்தைச் செய்கிறது. வரப்பு உயர்த்தி மழைநீரைத் தேக்குவதும், மரத்தடியில் சருகு பரப்பி ஈரத்தைக் காப்பதும் நம்முடைய பொறுப்பு அல்லவா?