மரம் நின்ற கதை
(ஜப்பான் பயணம் – 6)

நாராவில் ரயில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் ஹோர்யூஜி நிலையம். அங்கிருந்து இருபது நிமிட நடை. கடைசியில் இருபுறமும் பைன் மரங்கள் வரிசை கட்டிய பாதை தெற்கு வாசலில் கொண்டுபோய் விடுகிறது. நாராவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மான்களையும் தோதாய்ஜியின் பெரிய புத்தரையும் பார்த்த கையோடு கியோட்டோவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எனவே இங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

இளவரசர் ஷோதோகு 607இல் எழுப்பிய கோயில் இது. 670இல் முற்றாக எரிந்து போனதாகப் பழைய வரலாற்று நூலான ‘நிஹோன் ஷோகி’ சொல்கிறது. அதன் பிறகு கட்டியவைதாம் இப்போதுள்ள பொன் மண்டபமும் ஐந்தடுக்குக் கோபுரமும். உலகில் இன்றும் நிற்கும் மரக் கட்டடங்களில் இவையே மிகப் பழையவை.

கோபுரம் சுமார் 32 மீட்டர் உயரம். மேலே போகப்போகக் குறுகி, ஐந்தாம் அடுக்கு முதல் அடுக்கில் பாதியளவே இருக்கிறது. உச்சிக் கலசத்தின் அடியில் நான்கு அரிவாள்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இடி விழாமல் இருக்கவாம்! உள்ளே அடியிலிருந்து உச்சிவரை ஒரே நடுத்தூண். அடுக்குகள் எதையும் அது தாங்கவில்லை. கலசத்தை மட்டுமே சுமக்கிறது. அந்த மரம் வெட்டப்பட்ட ஆண்டு 594 என்று வளையங்களை எண்ணிச் சொன்னார்கள் ஆய்வாளர்கள். கோயிலைவிடத் தூணுக்கு வயது அதிகம்! எரிந்துபோன கோயிலுக்குப் பின் கட்டிய கோபுரத்தில் அவ்வளவு பழைய மரம் எப்படி வந்தது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

சுற்றுப் பிரகாரத் தூண்கள் நடுவில் சற்றே பருத்து மேலே மெலிகின்றன. ஒரு தூணருகே குனிந்து பார்த்தேன். அடிப்பக்கம் ஒரு மூட்டுக்கோடு. மேலே வெடிப்போடிய சாம்பல்நிற மரம். கீழே சற்றே இளைய மரம். உளுத்ததை மட்டும் அறுத்தெடுத்துப் புதுக்கால் பொருத்தியிருக்கிறார்கள். மரம் தானாக நிற்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் கழற்றி, பழுது பார்த்து, மறுபடி பூட்டியதால் நிற்கிறது.

அப்படி ஒரு பெரிய திருப்பணி 1934இல் தொடங்கி அரை நூற்றாண்டு நடந்தது. அதில் உழைத்த பரம்பரைக் கோயில் தச்சர் நிஷியோகா த்சுனேகாசு, கூரை ஓடுகளை இறக்கியதும் வளைந்திருந்த கைமரங்கள் மெல்ல நிமிர்ந்ததையும், பழைய ஹினோக்கி மரத்தை இழைத்தபோது வாசனை வந்ததையும் சொல்லியிருக்கிறார்.

அந்தத் திருப்பணி நடுவிலேயே விபத்தும் நேர்ந்தது. 1949 ஜனவரி 26 அன்று பொன் மண்டபத்தில் தீப்பிடித்து, ஏழாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் கருகின. மேல்தளத்தைக் கழற்றி வைத்திருந்ததால் அந்த மரங்களாவது பிழைத்தன. மறு ஆண்டே நாடு முழுமைக்கும் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றும் ஜனவரி 26இல் ஜப்பானியக் கோயில்களில் தீயணைப்புப் பயிற்சி நடக்கிறது.

பழைய மரத்தை முடிந்தவரை விட்டுவிடாமல் காப்பது ஹோர்யூஜியின் வழி. ஈசே ஷின்தோ கோயிலில் நேர்மாறு: இருபது ஆண்டுக்கொரு முறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். கடைசியாக 2013இல் செய்தார்கள். அடுத்த வாரம் அங்கே போவோம்.