கன்னத்துச் சாயமும் மாமை நிறமும்

ஜொகூர் நாட்டில் இலையுதிர்காலம் என்பதொன்று உண்டோ என்று வினவினால் நகரத்தார் நகைப்பர். பால்மரக் காட்டில் வாழ்ந்தவர் நகையார். நமக்கு வெயிலும் மழையுமன்றி வேறு பருவமில்லை என்று எவர் கூறினும், ஆண்டின் தொடக்கத்துத் திங்கள்களில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வறட்சி காணும்போது, பால்மரம் தன் இலைகளையெல்லாம் மஞ்சளாக்கி, செம்பாக்கி, உதிர்த்துவிட்டு வெறுங் கொம்பாய் நிற்பதை அவர்கள் கண்டிருக்கின்றனர். அக்காலத்தில் பால் குறையும். பால் குறையின் கூலி குறையும். ஆதலின் அவ்வண்ணங்களின் அழகை நின்று நோக்குதற்கு லயத்து மக்களுக்கு மனம் இருந்ததில்லை. பின்னர்த் துளிர்க்கும் தளிர் பச்சையாய் வாராது. செம்பும் பழுப்பும் கலந்ததொரு மினுமினுப்போடு வரும். இன்று குளுவாங்கிலும் கூலாயிலும் பால்மரம் நின்ற நிலங்களிற் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. செம்பனைக்கு அவ்வாறு மொத்தமாய் இலையுதிர்க்கும் காலமில்லை.

இந்த இலையுதிர்காலத்தை ஜொகூர் பாருவின் கடைகளில் இப்பொழுது டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இலை பழுக்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் ஒப்பனைப்பொருள் நிறுவனங்கள் அப்பருவத்துக்கென்று புதிய வண்ணத் தொகுப்புகளை வெளியிடுவது வழக்கம். இளவேனிலுக்கு வெளிர்சிவப்பு, கோடைக்கு வெண்கலம், இலையுதிர்காலத்துக்குச் செங்கல்லும் பழுப்பும் என்று ஒரு நியமம் வைத்திருக்கிறார்கள். அத்தொகுப்பு கடல் கடந்து இங்கே வந்து சேரும் வேளை தீபாவளிக் கடைத்தெரு தொடங்கும் வேளையாயிருப்பதால், அங்கே இலையுதிர்காலம் என்பது இங்கே பண்டிகைச் சரக்காகிவிடுகிறது. தீபாவளியைக் கொண்டாடலாமா என்னும் வழக்கை நான் இங்கே தொடங்கேன், கடைக்காரருக்கு அவ்வழக்கில்லை.

அத்தகைய தொகுப்பு ஒன்றை என் தமையனாரின் மகள் சென்ற ஆண்டு வாங்கினாள். அவள் நாள்தோறும் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூர் சென்று உழைத்து வருபவள். அவள் பணம், அவள் விருப்பம். டப்பாவில் கன்னப்பூச்சு நான்கு, இமைப்பூச்சு ஆறு. வாங்கிய சில நாட்களுக்குள் அவளுடைய நிச்சயதார்த்தம் குறிக்கப்பெற்றது. அதன்பின் வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. அண்ணியார், “படத்தில் ஒரு படி வெளுப்பாய்த் தெரியும்படி பூசிக்கொள், இரண்டு படியானாலும் குற்றமில்லை” என்றார். பெண் ஒன்றும் சொல்லாமல் டப்பாவை என்னிடம் கொண்டுவந்து, “அத்தை, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்” என்றாள். இக்கட்டுரை அவளுக்குச் சொன்ன விடையின் விரிவு.

முதலில், சீர்திருத்த இயக்கத்தாராகிய நம்மவர் எழுப்பக்கூடிய தடை ஒன்றுண்டு. பெரியார் ஈ. வெ. ரா. அவர்கள் பெண்கள் நகையையும் நீண்ட கூந்தலையும் விடுத்து எளிய உடையுடன் ஆடவர்க்கு நிகராய் நடமாட வேண்டுமென்று வற்புறுத்தியதை இப்பத்திரிகையின் நேயர் அறிவர். 1929 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்து சென்றபின் அக்கருத்து இந்நாட்டுத் தோட்டங்களிலும் பேசப்பட்டது. பெண்ணைப் பொம்மையாக்கி நிறுத்துவதற்காகவே அவளுக்கு அலங்காரம் கற்பிக்கப்பட்டது என்பதில் உண்மை மிகுதி. ஆயினும், சட்டைக்கு நிறம் தேர்ந்துகொள்ளும் ஆடவனை எவரும் அடிமை என்று இகழ்வதில்லை. கன்னத்துக்கு நிறம் தேர்வது எவ்வாற்றான் வேறு? பிறர் கண்ணுக்கு அஞ்சித் தன் நிறத்தை மறைக்கப் பூசுகிறாளா, தன் நிறத்துக்கு இசைய ஒரு வண்ணத்தைச் சேர்த்துக்கொள்கிறாளா என்பதே நான் பார்ப்பது. முன்னதற்கு நான் உடன்படேன்.

கடையின் விளக்கொளியில் வண்ணம் பார்ப்பது வீண். ஆதலின் காலை பத்து மணி வெயிலில், வீட்டு முற்றத்தில், முன்கையின் உட்புறத்தில் ஒவ்வொரு சாயத்தையும் விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தோம். என் நிறம் நன்கு வறுத்த காப்பிக்கொட்டை; அவளுடையது புளியங்கொட்டையின் செம்பழுப்பு. அடுத்த வீட்டுச் சீன அம்மையாரும் வேடிக்கை பார்க்க வந்து தம் கையை நீட்டினார். மூன்று கைகளை ஒன்றன்பக்கம் ஒன்றாய் வைத்து நோக்கியபோது, டப்பாவின் பாதி எவருக்காகச் செய்யப்பட்டது என்பது விளங்கிவிட்டது.

வெளிர்ரோஜா நிறக் கன்னப்பூச்சு டப்பாவிற் காணும்போது குழந்தையின் உள்ளங்கால் போல் இனிதாயிருந்தது. சீன அம்மையாரின் கையில் அவ்வாறே நின்றது. அவள் கையில் அரிசிமாவு சிந்தியதுபோலாயிற்று. என் கையில் சாம்பல். பீச் என்னும் பழத்தின் நிறத்தது சற்று மேல். ஆயினும் மூன்று முறை பூசினாலன்றி அவள் கன்னத்தில் தெரியவில்லை, மூன்று முறை பூசியபின் வண்ணம் தெரிவதற்கு முன் பௌடர் தெரிந்தது. செங்கல் நிறம், டப்பாவில் நோக்க அச்சுறுத்துவது. “இதையா முகத்தில் பூசுவது!” என்று அண்ணியார் பின்வாங்கினார். ஆனால் அதுதான் அவள் கன்னத்தில் ஒரே தேய்ப்பில், வெயிலில் ஓடிவந்தவளுக்கு ஏறும் இயற்கைச் சிவப்பைப்போல் அமைந்தது. நாவற்பழச் சாயம் என் நிறத்துக்கு அதனினும் நன்று. அவளுக்கு இரவு விருந்துக்கு ஆகும், பகலுக்கு மிகை.

இதன் காரணம் மந்திரமன்று. வெளிர்நிறச் சாயங்களில் வண்ணப்பொருள் சிறிதும் வெண்பொருள் பெரிதுமாயிருக்கும். டைட்டானியம் டையாக்ஸைடு, டால்க் முதலிய வெண்பொடிகள் வெளுத்த தோலில் மறைந்துபோம். கருந்தோலில் மறையாது சாம்பலாய் மேலே நிற்கும். செறிந்த சாயங்களிலோ இரும்புத்துருவினின்று ஆகும் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் மிகுதி. செம்மண் சிவந்திருப்பதும் அவ்விரும்பினாலேதான். செங்கற்சாயம் நம்மேனிக்கு இசைந்தது வியப்பன்று.

இக்கன்னப்பூச்சுத் தொழிலின் வரலாறும் சிறிது கூறத்தக்கது. பாரிஸ் நகரத்து பூர்ஷுவா என்னும் நிறுவனம் 1863 ஆம் ஆண்டில் பௌடரை உலர்த்திச் சிறு வட்டச் சிமிழில் அடைத்து விற்கத் தொடங்கியது. இன்றும் நாம் காணும் சிமிழின் முன்னோர் அதுவே. அக்காலந்தொட்டு ‘தோல் நிறம்’ என்றால் ஐரோப்பியர் தோல் என்றே பொருள்பட்டு வந்தது. அமெரிக்காவில் பிள்ளைகள் வரையும் கிரேயோலா வண்ணக்கட்டிகளில் ‘சதை நிறம்’ என்று ஒன்றிருந்து, 1962 ஆம் ஆண்டில்தான் அதற்குப் பீச் நிறம் என்று பெயர் மாற்றினர். 1999 ஆம் ஆண்டில் நார்ஸ் நிறுவனம் வெளியிட்டு உலகமெங்கும் விற்ற பொன்மினுக்குக் கன்னப்பூச்சொன்றுக்கு இப்பத்திரிகையில் அச்சிட இயலாத பெயர் வைத்தனர். பெயரால் விற்றதோ நிறத்தால் விற்றதோ, அறியேன். பார்படோஸ் தீவிற் பிறந்த பாடகி ரிஹானா 2017 ஆம் ஆண்டில் ஃபென்டி என்னும் தம் நிறுவனத்தைத் தொடங்கி, வெளுப்பு முதல் கடுங்கறுப்பு வரை 40 படிகளில் முகப்பூச்சு வெளியிட்டபோதுதான் பிற நிறுவனங்கள் தம் பலகையை நீட்டத் தொடங்கின. அறம் கருதியன்று, கறுப்பரின் பணமும் பணமே என்று கண்டுகொண்டதனால்.

இமைப்பூச்சுக்களுக்கு வருவோம். ஆறனுள் தந்த நிறத்தது நமக்கு எதற்கும் உதவாது. சாம்பலோடிய ஊதா, தூங்காத கண்ணைப்போல் காட்டியது. இரவு வேலை முடித்துப் பாலத்தில் காத்துக் கிடப்பவளுக்கு அதைப் பணங்கொடுத்து வாங்கவேண்டியதில்லை. பாசிப்பச்சை அழகியதே, ஆனால் பச்சைப் புடவைக்கன்றி எடுபடாது. மினுக்கில்லாத கரும்பழுப்பை இமையின் மடிப்பில் இட, கண் ஆழம் பெற்றது. பொன்னிறம் மினுங்கியது, ஆயினும் உழைத்து வேர்த்தபின் துகள் கன்னத்தில் இறங்கிக் கோயில் விபூதியைப்போல் திட்டுத்திட்டாயிற்று. ஆறனுள் தலையாயது செம்பு. அதை அவள் இமையில் இட்டு வெயிலில் கண்ணை மூடித் திறந்தபோது எனக்குப் பால்மரத்தின் புதுத்தளிரே நினைவில் வந்தது. அன்று நண்பகலில் அவளோடு ஜாலான் உங்கு புவான் கடைத்தெருவில் மூன்று மணி நேரம் சுற்றினேன். புழுக்கத்தில் என் பௌடர் முழுதும் கைக்குட்டைக்குப் போயிற்று. அவளுடைய செம்பும் செங்கல்லும் நின்றன.

அந்த மினுக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். அது மைக்கா என்னும் காக்காய்ப்பொன். அதை மெல்லிய தகடாக்கி இரும்புத்துரு பூசினால் செம்பொளி தரும். இந்தியாவின் ஜார்க்கண்டு மாநிலத்து கோடர்மா, கிரீடி வட்டாரங்களில் உரிமமற்ற சுரங்கங்களிற் சிறுவர் சிறுமியர் அதனைப் பொறுக்கி எடுப்பதும், மண் சரிந்து இறப்பதும் பத்திரிகைகளில் வெளிவந்தபின், 2017 ஆம் ஆண்டில் நிறுவனங்கள் சேர்ந்து அதைச் சீர்செய்யும் அமைப்பொன்றைப் பாரிஸில் நிறுவின. சீர்பட்டதாக இன்னும் எவரும் உறுதி கூறவில்லை. கன்னச்சிவப்பில் சிலவற்றுக்குப் பெரு நாட்டிலே கள்ளிச்செடியில் வளர்த்து உலர்த்திய பூச்சியின் சாயம் சேரும். மரக்கறி உண்ணும் குடும்பத்தார் பொதியின்மேல் கார்மைன் என்ற சொல்லைத் தேடிப் பார்க்கக் கடவர். பொடியைக் கட்டியாக இறுக்கும் கொழுப்புப் பொருள்கள் பலவும் பனையெண்ணெயினின்று ஆவன. பாசிர் கூடாங்கில் அத்தொழிற்சாலைகள் உண்டு. ஜொகூர்த் தோட்டத்தில் நம்மவர் அறுத்த குலையின் நெய் பாரிஸுக்கோ நியூயார்க்கிற்கோ சென்று, இலையுதிர்காலம் என்ற பெயரோடு நம்மிடமே திரும்பி வரக்கூடும். விலை மட்டும் திரும்பும்போது பலமடங்கு.

வெளுப்பே அழகென்பது நம் பழமையன்று. சங்கப் புலவர் தலைவியின் பேரழகைக் குறிக்க ஆண்ட சொல் மாமை. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் விளக்குவர். கருமையும் செம்மையும் கலந்த, செம்பொளி வீசும் நிறம். தலைவனைப் பிரிந்து வாடுங்கால் அம்மாமை கெட்டு மேனி வெளிறுதலைப் பசலை என்றனர். வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவர், தம் மாமைக் கவினைப் பசலை உண்டுவிடுகிறதே என்று குறுந்தொகையில் புலம்பியிருக்கிறார். அன்றைய தமிழ்ப்பெண் நோயென்று அழுததை இன்றைய தமிழ்ப்பெண் வெள்ளி கொடுத்து வாங்குகிறாள்! 1975 ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளிவந்த ஃபேர் அண்டு லவ்லி என்னும் களிம்பு ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டு அப்பெயரோடே விற்று, 2020 ஆம் ஆண்டில்தான் ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கிக்கொண்டது.

அண்ணியாரின் ‘ஒரு படி வெளுப்பு’ முகப்பூச்சோடு நின்றால் கழுவிவிடலாம். அங்கே நில்லாதது கண்டே அஞ்சுகிறேன். குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் எனக்குப் பழக்கமான பெண்ணொருத்தி, திருமணத்துக்கு முன் மூன்று திங்கள் இரவுச்சந்தையில் வாங்கிய பெயரற்ற களிம்பொன்றைப் பூசிவந்தாள். முகம் வெளுத்தது, பின்னர்க் காலும் முகமும் வீங்கின. சிறுநீரகம் கெட்டிருப்பதாக மருத்துவர் கூறினர். இத்தகைய களிம்புகளில் பாதரசம் சேர்ப்பதுண்டு. அது தோலில் நிறம் ஊறுவதைத் தடுக்கும். தோல் வழியே உள்ளிறங்கிச் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். கேரளத்துக் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர் ஆராய்ந்தபோது, 15 பேரிடம் அரியதொரு குறி கண்டனர். அவருள் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர். மலேசியாவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பாதரசம் கலந்த களிம்புகளின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டுத் தடைசெய்து வருகிறது. மினமாத்தா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023 ஆம் ஆண்டில் ஜெனீவாவிற் கூடி, பாதரசம் சேர்த்த ஒப்பனைப்பொருளை 2025 ஆம் ஆண்டோடு ஒழிக்க இசைந்தன. எனினும் பெயரற்ற டப்பாவுக்கு உடன்படிக்கை தெரியாது. அறிவிப்பு எண்ணும் செய்தவர் முகவரியும் அச்சிடப்பெறாத களிம்பை இலவசமாய்க் கொடுத்தாலும் கொள்ளற்க.

இவற்றையெல்லாம் அண்ணியாரிடம் நான் பலநாள் கூறினேன். மாமையை அவர் ஒப்பவில்லை. “பாட்டு வேறு, மாப்பிள்ளை வீட்டார் கண் வேறு” என்றார். சிறுநீரகத்தை ஒப்பினார். நிச்சயதார்த்தத்துக்கு அமர்த்தப்பெற்ற ஒப்பனைக்காரி தன் பெட்டியைத் திறந்து வழக்கம்போல் வெளிர்ப்பூச்சை எடுத்தபோது, பெண்ணே தன் கையை நீட்டி, “என் கைக்கு இசைவதை முகத்துக்கு இடுங்கள்” என்றாள். ஒப்பனைக்காரி இரண்டு சிமிழ்களைக் கலந்து அந்நிறத்தைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரமாயிற்று. அதன்மேல் செங்கல்லும், இமையில் செம்பும், மடிப்பில் கரும்பழுப்பும்.

படங்கள் வந்தன. அண்ணியார் அவற்றை நெடுநேரம் பார்த்து, “அவளைப்போலவே இருக்கிறாள்” என்றார். குறையாகச் சொன்னாரோ நிறைவாகச் சொன்னாரோ, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. டப்பாவில் செங்கல்லும் செம்பும் அடி தெரியத் தேய்ந்துவிட்டன. அவ்விரண்டையும் தனியே வாங்க இயலாது, முழுத் தொகுப்பையே மறுபடி வாங்கவேண்டுமாம். வெளிர்ரோஜாவையும் தந்தத்தையும் அடுத்த வீட்டு அம்மையாருக்குக் கொடுத்துவிட்டோம். அவருக்கு நன்றாயிருக்கிறது.