மெரிடாவின் பின்னந்தலை

திரைப்படப் பொம்மையை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் முகத்தில் தொடங்குவார்கள். நான் பின்னந்தலையில் தொடங்குவேன். பெட்டியின் பிளாஸ்டிக் ஜன்னல் வழியே தெரியாத இடம் அது. முடியில் மிச்சம் பிடிக்க நினைக்கும் தயாரிப்பாளர் அங்கேதான் கை வைப்பார். விரலால் முடியை விலக்கினால், வினைல் மண்டையில் இயந்திரம் தைத்த துளைகள் வரிசை வரிசையாகத் தெரியும். இரண்டு வரிசைக்கு நடுவே வெறும் மண்டை பளிச்சென்று தெரிந்தால், முன்பக்க அழகு பெட்டிக்காகச் செய்தது என்று புரிந்துவிடும். சில பொம்மைகளில் முடி உதிராமல் இருக்கத் தலைக்குள் ஊற்றிய பசை, வருஷம் போகப் போக அந்தத் துளைகள் வழியே கசியும். எத்தனை முறை அலசினாலும் எண்ணெய் வழிகிற தலையாகவே இருக்கும். பழைய பொம்மை வாங்கும்போது உச்சந்தலையைத் தொட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

'பிரேவ்' படத்து மெரிடாவுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். அந்தப் பெண்ணுக்கு முடிதான் எல்லாம். 2012இல் வந்த பிக்ஸார் படம்; ஸ்காட்லாந்து இளவரசியின் கதை. அம்மா எலினார் அந்தச் செம்பட்டை முடியை வெள்ளைத் துணிக்குள் அடைத்துக் கட்டுகிறாள். மகள் ஒரே ஒரு சுருளை நெற்றியில் இழுத்து விட்டுக்கொள்கிறாள். அம்மா அதை உள்ளே தள்ள, மகள் மறுபடி எடுத்து விட, இருவருக்கும் என்ன தகராறு என்பது வசனமே இல்லாமல் தெரிந்துவிடுகிறது. அந்த முடிக்காகப் பிக்ஸார்காரர்கள் சுமார் 1,500 சுருள்களைத் தனித்தனியாக வடித்து, அவற்றிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளை உண்டாக்கினார்கள். ஓடினால் சுருள் துள்ள வேண்டும், ஆனால் நீண்டுபோகக் கூடாது. இதற்கென்றே தனி மென்பொருள் எழுத வேண்டியிருந்தது.

பொம்மை செய்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் கையில் இருப்பது நைலான், சரான், பாலிபுரொப்பிலீன் ஆகிய இழைகளும், கீழ்நோக்கி இழுக்கும் எடையும்தான். சரான் கனமானது, பளபளப்பானது, போட்ட சுருளை விடாமல் வைத்திருக்கும். ஆனால் அந்தக் கனத்தாலேயே மெரிடாவின் விரிந்த தலை அடங்கி, தோளோடு படிந்துவிடும். பாலிபுரொப்பிலீன் மலிவு, எடையும் குறைவு. விரிந்து நிற்கும், கொஞ்ச நாளில் தேங்காய் நார் போல ஆகிவிடும். அதனால் படத்தில் இருப்பது போலவே இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை. இருக்க முடியாது. முடியாததை எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் மதிப்பீடு. சிலர் சுருள்களைப் பெரிதாக்கி, எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறார்கள். படத்துக்குத் துரோகம் மாதிரித் தோன்றும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால், மெரிடா என்று சட்டென்று தெரிவது அந்தப் பொம்மைதான். மெல்லிய சுருளாக நிறையப் போட்டவர்களின் பொம்மை பெட்டிக்குள் அற்புதம். வெளியே வந்த மறுநாளே சிக்கு.

சிக்கெடுக்கச் சீப்பை எடுத்தால் போச்சு. உலர்ந்த சுருளில் சீப்பு பட்டால் இழைகள் தனித்தனியாகப் பிரிந்து பஞ்சாகிவிடும். ஷாம்பூ போட்டு அலசி, கண்டிஷனர் தடவி, ஈரத்திலேயே நுனியிலிருந்து மேல்நோக்கி விரலால் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கற்றையையும் உறிஞ்சுகுழலில் சுற்றிக் கட்டி, கொதித்து இறக்கிச் சற்று ஆறிய நீரை ஊற்றி, உடனே குளிர்ந்த நீரில் காட்ட வேண்டும். நன்றாகக் காயும் வரை அவிழ்க்கக் கூடாது. அவசரக்காரர்களுக்கு நேரான முடி உள்ள இளவரசிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

முடிக்கு இன்னொரு எதிரி சட்டையின் முதுகில் இருக்கிறது: வெல்க்ரோ. சுருள்முடிப் பொம்மைக்கு வெல்க்ரோ வைத்துச் சட்டை தைத்தவர், அதை ஒருமுறைகூடக் கழற்றி மாட்டிப் பார்த்திருக்க மாட்டார். பிரஸ் பட்டன் வைத்திருந்தால் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவேன்.

அடுத்தது முழங்கை. மெரிடா வில்லாளி. தன்னை மணக்கும் உரிமைக்கான போட்டியில் தானே இறங்கி, இறுக்கமான நீலச் சட்டையின் தையலைக் கிழித்துக்கொண்டு அம்பு விடுகிறவள். முழங்கை மடங்காத பொம்மை வில்லை ஏந்தும், நாணை இழுக்காது. வில்லே இல்லாமல் வரும் மெரிடாக்களும் உண்டு. அவற்றைப் பற்றி நான் அதிகம் எழுதுவதில்லை.

2013 மே மாதம் டிஸ்னி மெரிடாவைத் தன் இளவரசிகள் வரிசையில் சேர்த்தபோது வெளியிட்ட படத்திலும் வில் இல்லை. இடை மெலிந்திருந்தது, சட்டையின் கழுத்து இறங்கியிருந்தது, அதில் மினுமினுப்பும் ஏறியிருந்தது. பாத்திரத்தை உருவாக்கிய இயக்குநர் பிரெண்டா சாப்மன் வெளிப்படையாகக் கண்டித்தார். எதிர்ப்பு மனுவில் 2 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. பெரும்பாலோர் இடையைப் பற்றிப் பேசினார்கள், நியாயம்தான். என் கண் முடியில் போய் நின்றது. கட்டுக்கடங்காத சுருள்கள், சலூனில் செட் செய்த அலைகளாகியிருந்தன. அப்படி வரைந்தால் தைப்பதும் சுலபம், விற்பதும் சுலபம்.

டிஸ்னி இளவரசிப் பொம்மைகளைச் செய்யும் உரிமம் 2016இல் மாட்டல் நிறுவனத்திடமிருந்து ஹாஸ்ப்ரோ நிறுவனத்துக்குப் போய், 2023இல் மாட்டலுக்கே திரும்பியது. சேகரிப்பவர்கள் அலமாரியை இந்த ஆண்டுகளை வைத்துத்தான் பிரிப்பார்கள். நிறுவனம் மாறினால் முக அச்சும் உடலும் மாறும். ஒன்றின் சட்டை மற்றதற்குச் சேரும் என்ற உத்தரவாதம் இல்லை.

பெட்டியைப் பிரிக்காமலே மதிப்புரை எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மண்டையைத் துளைத்து அட்டையோடு மாட்டிய பிளாஸ்டிக் டேக்கை வெட்டி மிச்சத்தை உள்ளே தள்ளி, மணிக்கட்டு ரப்பரைக் கழற்றி, கையில் எடுக்காத பொம்மையைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? விலை சொல்லலாம்.

இத்தனைக்கு இத்தனை என்று மார்க் போடுவதும் இல்லை. குழந்தைக்கு வாங்குகிறவர் பெரிய சுருளும் பிரஸ் பட்டனும் உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும். அலமாரிக்கு வாங்குகிறவர் கடையில் இருக்கும் பெட்டிகளையெல்லாம் இறக்கி வரிசையாக வைத்துக் கண்களைப் பார்க்கட்டும். கண்ணின் ஒவ்வொரு நிறத்தையும் சிலிக்கோன் மெத்தையால் தனித்தனியாக ஒற்றுகிறார்கள். ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் மாறுகண் விழும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், பணம் நம்முடையது.