"சுகர் தானா இறங்கிடுச்சு சார்"

1/ ஓபியில யாராவது சிரிச்ச முகத்தோட இப்படிச் சொன்னா, எனக்கு இப்பல்லாம் வயித்துல புளியைக் கரைக்கும். ஏன்னு சொல்றதுக்கு ஒரு பழைய கதையைச் சொல்லியாகணும். கொஞ்சம் நீளமான இழை. வீட்டுல சுகர் உள்ளவங்க இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

2/ எம்பிபிஎஸ் முடிச்சு அரசுப் பணியில் சேர்ந்த முதல் வருடம். ஆரம்ப சுகாதார நிலையம். சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கிற நாள்னா காலையிலேயே வரிசை கேட் வரைக்கும் நிற்கும். அதில் ஒரு டீக்கடை அண்ணன். வயது ஐம்பதை ஒட்டி. 13 வருட சுகர். வெறும் வயிற்றில் 200க்குக் கீழே நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு 92.

3/ "மாத்திரையைப் பாதியா குறைச்சுட்டேன் சார். எல்லாம் பாகற்காய் ஜூஸ்" என்றார் பெருமையாக. "சூப்பர்ண்ணே, இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன். "கால் கொஞ்சம் வீங்குது சார்" என்றார். நாள் பூரா நின்னு டீ ஆத்துறவர், வீங்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து பார்க்கவில்லை.

4/ நாலு மாசம் கழித்து நள்ளிரவில், மூச்சுத் திணறலோடு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரலில் நீர். கிரியாட்டினின் 9. அன்றைக்கே டயாலிசிஸ். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த 92 பாகற்காய் கொடுத்தது இல்லை. கிட்னி கைவிட்டுக்கொண்டிருந்ததுக்கான அடையாளம் அது.

5/ எப்படின்னு கேட்பீங்க. முதல்ல கிட்னி என்ன செய்யுதுன்னு பார்ப்போம். ஒவ்வொரு கிட்னியும் நம்ம கைமுஷ்டி அளவுதான். உள்ளே சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றும் மெல்லிய ரத்தக்குழாய்களால் பின்னின ஒரு சின்னப் பந்து. ரெண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உடம்புக்கே அனுப்பிவிட்டு, ஒன்றரை லிட்டர் போல மட்டும் சிறுநீராக வெளியே விடும்.

6/ ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் அதிகமா இருந்தா, முதல்ல இந்த வடிகட்டிக்குள்ள அழுத்தம் கூடும். சர்க்கரை அங்கே இருக்கிற புரதங்களில் ஒட்டி, சவ்வைத் தடிக்க வைக்கும். தடித்த சவ்வு உறுதியாகத்தானே இருக்கணும்? இல்லை. ஓட்டை விழுந்த டீ வடிகட்டி மாதிரி, தங்க வேண்டிய ஆல்புமின் புரதம் சிறுநீரில் ஒழுக ஆரம்பிக்கும்.

7/ அடுத்து, ரத்தக்குழாய்களைத் தாங்கிப் பிடிக்கிற திசு பெருத்து, அந்தக் குழாய்களையே நெரிக்கும். கடைசியில் வடிகட்டி இருந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். தழும்பு மறுபடி வடிகட்டி ஆகாது. ஒண்ணு போனா அதோட வேலையும் பக்கத்துல இருக்கிறதோட தலையில் விழும். அதுவும் சீக்கிரம் களைத்துப்போகும். அதனால்தான் மெதுவாகத் தொடங்குற பாதிப்பு கடைசியில் வேகமா சரியுது.

8/ இவ்வளவு நடந்தும் வலி கிடையாது. பாதி வேலைத்திறன் போகிற வரைக்கும் கிரியாட்டினின்கூட நார்மலாவே காட்டலாம்.

9/ சரி, சுகர் ஏன் இறங்குச்சு? வேலை முடிந்த இன்சுலினைச் சிதைச்சு வெளியேத்துறதில் கிட்னிக்குப் பெரிய பங்கு உண்டு. கிட்னி படுத்துட்டா இன்சுலின் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும். சில சுகர் மாத்திரைகளும் அப்படித்தான். பசியும் குறைஞ்சுபோகும். சுகர் தானா இறங்கும். நோயாளி குணமாயிட்டோம்னு நினைப்பார். அன்னைக்கு டாக்டரான நானும் அப்படித்தான் நினைச்சேன்.

10/ இன்னொரு விஷயம். "மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்"னு சொல்லாத ஊர் இல்லை. மெட்ஃபார்மின் மேலதான் பழி. உண்மை என்னன்னா, கிட்னி ரொம்பப் பழுதானவங்களுக்கு அந்த மாத்திரையை நாங்க நிறுத்துவோம். அது வெளியேறாம உடம்பில் தேங்கிடும், அதுதான் காரணம். அதைப் பார்த்துட்டு மாத்திரைதான் கெடுத்துச்சுன்னு பேச்சு வந்துடுது. கெடுக்கிறது கட்டுப்பாடில்லாத சுகரும் பிரஷரும். கூடவே, மெடிக்கல் ஷாப்பில் அடிக்கடி வாங்கிப் போடுற வலி மாத்திரையும்.

11/ நீங்க செய்ய வேண்டியது:
• வருஷத்துக்கு ஒரு தடவை சிறுநீரில் ஆல்புமின் டெஸ்ட். 30க்குக் கீழே நார்மல். 30க்கு மேல போனா எச்சரிக்கை மணி.
• கூடவே கிரியாட்டினின்.
• பிரஷர் 130/80க்குள். புரதம் ஒழுகுதுன்னா, அதைக் குறைக்கிற பிரஷர் மாத்திரைகளே இருக்கு. எனலாப்ரில் அதில் ஒண்ணு.
• சுகர் காரணமில்லாம இறங்குதா, கால் வீங்குதா, சிறுநீர் நுரைக்குதா? அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க.

12/ மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். 2021 ஆகஸ்ட்டில் இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருது. வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்காதீங்க.

13/ அன்றைக்கே நான் கண்டுபிடிச்சிருந்தா அண்ணன் கிட்னி திரும்பி வந்திருக்குமா? வந்திருக்காது. தழும்பு ஏற்கெனவே விழுந்தாச்சு. ஆனா நடுராத்திரியில் மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு வந்திருக்க மாட்டார். கையில் ஃபிஸ்டுலா போட்டு, மனசாலும் தயாராகி, பகலில் நடந்து வந்திருப்பார். அந்த வித்தியாசத்துக்கு நான்தான் பொறுப்பு.

14/ இப்போ வாரம் மூணு நாள் டயாலிசிஸ். கடையைப் பையன் பார்த்துக்கிறான். போன மாசம் அந்தப் பக்கம் போனேன். ஓரமா உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "சாருக்கு ஒரு டீ போடுப்பா" என்றார். எனக்கு மட்டும்தான் வந்தது. அவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு லிட்டருக்கும் குறைவாத்தான் கணக்கு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வேணும்னு மிச்சம் வச்சிருக்கேன்னார்.

15/ இப்போ யாராவது "சுகர் தானா இறங்கிடுச்சு சார்"னு சொன்னா, கையைக் குலுக்கிறதுக்கு முன்னாடி குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறேன். குழி விழுதான்னு. நீங்களும் இன்னைக்கு ராத்திரி உங்க அப்பா, அம்மா காலை ஒரு தடவை அமுக்கிப் பாருங்க.